கோழிக்கூடு சுத்தம் செய்ய வந்தவன்

வீட்டுக்காரர் தோள்பையோடு பஸ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அணில் பின்பக்கச் சுவரில் ஏறினான். எந்தச் சுவரையும் சத்தமில்லாமல் ஏறி இறங்குவதால் தொழிலில் அவனுக்கு அந்தப் பெயர். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட மாட்டியதில்லை. அந்த மானத்தைப் பெரிய சொத்தாகக் காப்பாற்றி வந்தான்.

குதித்தவன் நேராகக் கீரைப் பாத்தியில் விழுந்தான். மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கத்தி ஊரைக் கூட்டின.

பின்கதவு திறந்தது. கையில் துடைக்கும் துணியோடு நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி நின்றாள்.

அணில் தன்னையே நொந்துகொண்டான். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதைக் கவனிக்காமல் கோட்டை விட்டோமே!

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, "கோழிக்கூடு சுத்தம் பண்ண வரச் சொன்ன ஆள்தானேப்பா நீ? அதுக்காகச் சுவரேறியா வருவாங்க?" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது.

"மணி அடிச்சுப் பார்த்தேங்கம்மா. யாரும் வரல. அதான்..."

"சரி, சரி. விளக்குமாறு, மண்வெட்டி எல்லாம் அங்கதான் எங்கேயாவது கிடக்கும், பாரு. உள்ள மட்டும் வந்துடாதே. இப்பத்தான் தரை துடைச்சேன்."

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அணில் கூட்டுக்குள் தலையை விட்டான். எச்சம் அடை அடையாக ஒட்டியிருந்தது. சுரண்டினான், அள்ளினான், உரக்குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினான். புது வைக்கோல் பரப்பினான். முதுகைத் திருப்பினால் போதும், ஒரு சிவப்புக் கோழி பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த வலைக்கடியில் நுழைந்து கீரைக்குப் போய்விடும். அதைத் துரத்துவதே தனி வேலையாக இருந்தது.

"ஏம்மா, இது பாத்தியை மொட்டையடிக்குதே!"

"அடிச்சா அடிச்சுட்டுப் போகுது, விடுப்பா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

எவ்வளவு தாராள மனசு என்று அணில் வியந்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அந்தப் பெண்மணி அணிலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு கை குடுப்பா. பொண்ணு வீடு மாத்தறா, அவளுக்குக் கொஞ்சம் சாமான்."

வாசலில் பெட்டிகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் பிணக் கனம் கனத்தது. அணில் மூச்சு வாங்க வேனில் ஏற்றினான்.

"இறக்கி வெச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் வீட்டைப் பார்த்துக்கப்பா. நீ இருக்கற தைரியத்துலதான் போறேன்."

"கவலையே படாதீங்கம்மா. நானாச்சு!"

வேன் தெருமுனையில் திரும்பியதும் அணிலுக்குச் சிரிப்பு பீறிட்டது. இப்படியும் ஓர் அப்பாவியா! கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கையை அலம்பிக்கொண்டு பின்கதவைத் தொட்டபோது வாசல் கேட் திறந்தது.

அதே தோள்பை. வீட்டுக்காரர்!

அணில் அசரவில்லை. இப்போதுதான் அவன் கூப்பிட்டு வந்த வேலையாள் ஆயிற்றே. உடம்பெல்லாம் அப்பியிருந்த கோழி எச்சத்தைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"யாருப்பா நீ?"

"கோழிக்கூடு சுத்தம் பண்ண வந்தேங்கய்யா. வீட்டம்மா இப்பத்தான் வேன்ல கிளம்பினாங்க. பெட்டியெல்லாம் நான்தான் ஏத்தி விட்டேன்" என்றான் பெருமையாக.

வீட்டுக்காரரின் தோள்பை நழுவிக் கீழே விழுந்தது.

"எந்த வீட்டம்மா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேப்பா!"