முதலில் எதைத் திறந்தீர்கள்?

மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்றப் போன கடையில், காத்திருந்த நேரத்தில் கேட்ட கதை இது. நான் நேரில் பார்த்ததில்லை. சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

அந்தக் கடை மேனேஜர் இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார்.

திரும்பி வந்த ஒரு வாரத்தில் மூன்று பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஃபிரேம் விற்கும் தம்பி, கண் பரிசோதகர், பின்னறையில் லென்ஸ் சாணை பிடிக்கும் அக்கா.

"உங்க மூணு பேர்ல ஒருத்தர்தான் அடுத்த சூப்பர்வைசர். அனுபவத்தை எல்லாம் நான் பாக்கப்போறதில்ல."

அக்காவிடம் இருந்ததே பன்னிரண்டு வருட அனுபவம்தான். சூப்பர்வைசர் ஆனால் பகல் ஷிஃப்ட் மட்டும். இப்போது அவருடைய மகள் பள்ளி விட்டு வந்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, அம்மா ஒன்பது மணிக்கு வந்து தட்டும்வரை தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

மேனேஜர் செல்போனைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒரு ஆன்லைன் கேம். ராஜ்ஜியம், சண்டை எல்லாம் நமக்கு வேண்டாம். உள்ள ஒரு கொல்லன் பட்டறை இருக்கு. இரும்பைக் காய்ச்சி வாள் அடிக்கணும். அம்பது வாள் அடிச்சா முதல் அப்கிரேட் திறக்கும். சம்மட்டி, துருத்தி, இடுக்கி, சாணைக்கல், பெரிய பைன்னு எவ்வளவோ இருக்கு. ஒருத்தன் முதல்ல எதைத் திறக்கிறானோ, அதுல அவன் குணமே தெரிஞ்சிடும். பயிற்சியில சொன்னாங்க."

"நீங்க எதைத் திறந்தீங்க சார்?" தம்பி கேட்டான். எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பது அவனுக்குக் கைவந்த கலை.

மேனேஜர் கண்ணை மூடித் திறந்தார்.

"துருத்தி. மூணு நாள் யோசிச்சேன். ஏங்க சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கீங்கன்னு வீட்டுல கேட்டாங்க. தலைவன்னா யாரு? கீழ இருக்கிறவங்க அணைஞ்சு போகாம காத்து ஊதிக்கிட்டே இருக்கிறவன்!"

"அதான் சார் கடையே கொதிக்குது" என்றார் கண் பரிசோதகர்.

மேனேஜர் ஒரு நொடி யோசித்துவிட்டு, அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கெடு. அக்கா பஸ்ஸில் நின்றபடி வாள் அடித்தார். ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டு மறு கையால் வாள் அடித்தார். கட்டை விரல் வீங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை மூவரும் போனை நீட்டினார்கள்.

"பெரிய பை சார்" என்றான் தம்பி. "இல்லைங்கிற வார்த்தையே நம்ம கடையில வரக்கூடாது. அதுக்குத்தான் முதல்ல பையைப் பெரிசாக்கினேன்."

மேனேஜருக்குப் புல்லரித்தது. 'தொலைநோக்கு' என்று எழுதிக்கொண்டார்.

"இடுக்கி சார்" என்றார் கண் பரிசோதகர். "பிரச்சினை சூடா இருக்கிறப்ப கை வைக்கக் கூடாது. தள்ளி நின்னு பிடிக்கணும்."

'நிதானம்.'

"நீங்கம்மா?"

"சாணைக்கல்லு சார்."

"பலே! ஏன் சாணைக்கல்?"

"அதுவா வந்துச்சு சார்" என்றார் அக்கா.

"அதுவா வர்றதுக்கு அது என்ன தும்மலா?"

தம்பி குபீரென்று சிரித்தான்.

"இல்ல சார், அந்த கேம்ல..."

"கேம் மேல பழி போடாதீங்கம்மா! முடிவெடுத்தா, ஆமா நான்தான் எடுத்தேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லணும். ஒரு பொம்மைப் பட்டறைக்கே பொறுப்பேத்துக்க முடியல. இருபது பேர் இருக்கிற கடைக்கு எப்படி ஏத்துப்பீங்க?"

அக்கா மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவன் தன் ஷூவைப் பார்த்தான்.

மேனேஜர் எழுதினார்: 'பொறுப்பின்மை.' பன்னிரண்டு வருடத்தில் ஒரு லென்ஸ்கூடப் பவர் மாறி அந்தக் கையிலிருந்து போனதில்லை என்பதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

தம்பி சூப்பர்வைசர் ஆனான். டீ நேரத்தில் பின்னறைக்கு வந்தான்.

"என்னக்கா நீங்க! சாணைக்கல்லைக் கையில வச்சுக்கிட்டு... 'என் தொழிலே அதுதான் சார்'னு ஒரு வார்த்தை எடுத்து விட்டிருந்தா நாற்காலி உங்களுக்குத்தான். நானே பயந்துக்கிட்டிருந்தேன்."

"தோணாம இல்லடா. வாய் வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம்?"

"வெளிய வரல."

"பொழைக்கத் தெரியாத ஆளுக்கா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மாலையில் புது ஷிஃப்ட் பட்டியலை ஒட்டினான். அக்காவுக்கு இரவு ஒன்பது மணி வரை. கீழே தம்பியின் கையெழுத்து, புதுப் பேனாவில்.

கேட்டபோது எனக்கும் அந்த அக்கா மேல் எரிச்சல்தான் வந்தது. வாழ்க்கையே மாறும் இடத்தில் ஒரு காரணம் சொல்ல வராதா?

இருந்தாலும் வீட்டுக்கு வந்து அந்த விளையாட்டை என் போனில் ஏற்றினேன். ஐம்பது வாள் அடித்தேன். இடுக்கி. சந்தேகம் தீராமல் அழித்துவிட்டு மறுபடி ஏற்றி ஐம்பது அடித்தேன். பெரிய பை. மூன்றாவது தடவை துருத்தி.

எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் அப்கிரேடை விளையாட்டே குலுக்கிப் போடுகிறது. நாம் அழுத்துவதற்கென்று திரையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான். அதில் 'சரி' என்று மட்டும் எழுதியிருக்கிறது.