கண் வைக்காத பட்டு

பட்டில் முகம் வரையும்போது கண்களைக் கடைசியாகத்தான் வைப்போம். வசந்தகாலக் கண்காட்சிக்கு, ஒரே ஆசிரியரிடம் பயின்ற மொரீட்டாவும் நானும் போட்டி போட்டுக்கொண்டு என் மனைவி கினுவை வரைந்தோம். அவர் வீட்டுக்கு நான் போவதில்லை; கினுதான் போய் அவர் வரைவதற்காக உட்கார்ந்துவிட்டு வருவாள். அவர் படம் வெளியே வரட்டும், அதை மிஞ்சும்படி கண் வைக்கலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அதற்குள் கினு காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய கண்கள் எப்படி இருந்தன என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும், என் பட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மொரீட்டாவின் வீட்டுக்குப் போனேன்.

“வா தம்பி. ஆறு வருஷம் ஆச்சா, இந்த வாசலுக்கு வழி தெரிய?” என்றார்.

“கினுவோட கண்ணைப் பார்க்கணும்ணே.”

அவர் தன் படத்தை விரித்தார். கூந்தலின் ஒவ்வொரு இழையும் இருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“நீ வச்சதைப் பார்த்துட்டு வைக்கலாம்னு இருந்தேன்.”

நானும் என் பட்டை அதன் பக்கத்தில் விரித்தேன். அவர் வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு கல்லில் மைக்கட்டியை அரைத்து, தூரிகையைத் தோய்த்து என்னிடம் நீட்டினார்.

“நீதானே புருஷன். வை.”

மை காயும்வரை, கண் வைக்காமல் தூரிகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கல்லில் தண்ணீர் விட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினார்.