அறுபது கிலோ

“ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேர் பிழைச்சுக்கறாங்கம்மா. உங்க வயசுக்கு அது நல்ல கணக்குதான். பண்ணிக்கலைன்னா ஒரு வருஷம் தாண்டறதே கஷ்டம்” என்றார் இருதய டாக்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த எழுபத்தெட்டு வயது அம்மாள் கேட்டாள்: “பண்ணிக்கிட்டா எப்போலேர்ந்து கனம் தூக்கலாம்?”

“நெஞ்செலும்பை அறுத்துல்ல பண்றோம்? அது கூடணும். மூணு மாசத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தொடவே கூடாது.”

“அறுபது கிலோ?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த வயசுல மூட்டை தூக்கப் போறீங்களா? கூட யார் வந்திருக்கா?”

“பையன். வெளியில உட்கார்ந்திருக்கான்.”

“உள்ளே வரச் சொல்லுங்க.”

“வேண்டாங்க. இதெல்லாம் கேட்டா அவன் தாங்கமாட்டான்.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவளை அறுபது கிலோ சுமக்கவிட்டுவிட்டு, இங்கேயும் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு, சொகுசாக உட்கார்ந்திருக்கிறானா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

நடைவழியில் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஐம்பது வயது ஆள், சரிந்துவிடாமல் இருக்க மார்போடு துண்டால் கட்டப்பட்டிருந்தார். கால்கள் இரண்டும் சூம்பியிருந்தன. டாக்டருக்குப் பின்னால் அம்மாவைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பாக, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினார்.



அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“பண்ணிக்கலைன்னா, அந்த ஒரு வருஷமும் தூக்கலாமில்லீங்களா?”