கொலுசுக் கால்

ஒரு வீட்டில் லட்டு என்ற சின்னப் பொமரேனியன் நாயும் மேஜர் என்ற ராட்வீலர் நாய்க்குட்டியும் இருந்தன. பூக்காரி செண்பகம் தினமும் வருவாள். லட்டு ஓடிப்போய் அவள் கணுக்காலைக் கவ்வும்.

"என் கொலுசு மேலேயே இவளுக்குக் கண்ணு," என்பாள் செண்பகம். வீட்டார் சிரிப்பார்கள். லட்டுவுக்கு ஒரு பிஸ்கட் விழும்.

"எதுக்குக்கா கடிக்கிறே?" என்று மேஜர் கேட்டது.

"அவங்களுக்குச் சிரிப்பு, எனக்கு பிஸ்கட். தூங்கிக்கிட்டே கிடக்காம நீயும் பழகிக்கோ."

குட்டி பழகியது. அதற்கும் சிரித்தார்கள், பிஸ்கட்டும் போட்டார்கள்.

ஒன்றரை வருடம் போனது. மேஜர் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் காலையில் மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, செண்பகத்தின் அதே காலைக் கவ்வியது. எலும்பு முறிந்தது. வாயில் ரத்தத்தோடு அது எல்லோர் முகத்தையும் பார்த்து நின்றது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் மேஜரை ஊசி போட்டுக் கொல்ல, கூண்டு வைத்த வண்டி வந்தது.

"ஏன்க்கா யாரும் சிரிக்கல?" கூண்டுக்குள்ளிருந்து மேஜர் கேட்டது. "நீ கடிக்கிற இடத்துலதானே கடிச்சேன்?"

லட்டு யோசித்தது. அதற்கும் விளங்கவில்லை.

"இந்த ஜாதியே இப்படித்தான் சார்," என்றான் வண்டிக்காரன்.

"கேட்டியா, உன் ஜாதி அப்படியாம்," என்றது லட்டு. அதற்கு நிம்மதியாக இருந்தது. ஓடிப்போய் வண்டிக்காரனின் கணுக்காலைக் கவ்வியது.

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். கம்பிக்குப் பின்னால் மேஜர் மெல்ல வாலை ஆட்டியது.