கல்மஞ்சள்

யுரேனியம் இருந்தால் அலறும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தடமே இல்லாத மலையில் வாரக்கணக்கில் அலைந்தார் திருமாறன். எந்தப் பாறையிலும் அது முனகக்கூட இல்லை. உச்சியில் இருந்த சிற்றூரில் தண்ணீர் கேட்கலாமென்று ஒரு வாசலை மிதித்ததும் கருவி வீறிட்டது. அங்கே மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய் அம்மியில் ஒரு கல்லை இழைத்து, மஞ்சள் விழுதை மகளின் முகத்திலும் கழுத்திலும் வழித்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

“என்ன கல்லும்மா இது?” அவர் அம்மியருகே குனிந்து பார்த்தார்.

“இந்தக் குளிர்ல மஞ்சக்கெழங்கு வெளையாதுங்க சாமி. எங்க பொண்ணுங்க எல்லாருக்கும் இதுதான்.”

அவர் தேடி வந்தது அந்தக் கன்னத்தில் ஈரமாக மின்னியது. கருவியை அணைக்கப் போன அவர் கையை, மஞ்சள் வழியும் விரல்களால் தாய் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்தாதீங்க சாமி. கல்யாண வீட்டுல மேளம் இல்லையேன்னு இருந்தோம்.”