மூடாத ஃபைல்

காரைக்கால் கப்பல் கம்பெனிக்கு முதன்முதலாக வந்திருந்த கம்ப்யூட்டரில் பூமிநாதன் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“பழைய ஃபைலைப் பத்து வருஷம் வெச்சிருந்து அழிக்கணும். எந்தத் தேதியிலேருந்து எண்ணுறது, மேடம்?”

“மூடுன தேதியிலேருந்து,” என்றார் கிளார்க் அஜீசுன்னிசா.

“மாலுமி கபீர் ஃபைல் மூடவே இல்லையே? கடல்ல காணாமப் போயிப் பல வருஷமாச்சு.”

“இறந்துட்டாருன்னு அவர் சம்சாரம் கையெழுத்துப் போட்டாத்தான் மூடலாம்.”

“அவங்க எந்த ஊரு?”

“திருமலைராயன்பட்டினம்.”

“பக்கம்தானே! ஆள் அனுப்பி வாங்கிடலாமே?”

“போட மாட்டா, தம்பி.”

“நான் வேணா நேர்ல பேசிப் பார்க்கட்டுமா?”

அஜீசுன்னிசா அடுத்த ஃபைலை எடுத்து நீட்டினார்.

“இவ்வளவு நேரமும் அவகிட்டதான் பேசிக்கிட்டிருக்கீங்க.”