பார்த்துட்டேன்

"சீ! இதுவும் ஒரு பொழப்பா?"

சுபலட்சுமி லேப்டாப்பை அறைந்து மூடப் போனாள். பச்சை வர வேண்டிய இடத்தில் மறுபடியும் சிவப்பு எழுத்து. அவள் எழுதிய வெப் பக்கத்தைக் காட்ட வேண்டிய சர்வர் ஓடாதாம். அது உட்கார வேண்டிய போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம்.

லேப்டாப், கணவன் வீட்டு ரைஸ் மில்லில் கழித்துக் கட்டியது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த மாடு நாறியது. பட்டன் சந்தெல்லாம் தவிட்டுத் தூசி, திறந்தாலே புழுங்கல் வாடை. மண்ணச்சநல்லூருக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து புடவை, தலையணை எல்லாவற்றிலும் இதே வாடைதான்.

கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டாள். மில்லின் பழைய பில்லிங் சாஃப்ட்வேர்! யாரும் சீந்தாத அது, லேப்டாப்பைப் போடும்போதெல்லாம் தானும் எழுந்து வந்து அந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டிருந்தது.

"போ சனியனே" என்று பிடுங்கி எறிந்தாள்.

பச்சை வந்தது.

பிரவுசரில் அவள் எழுதிய பக்கம் திறந்தது. பொன்னி அரிசி, விலை, மில்லின் விலாசம். வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். கலர் போடும் பாடம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கே.கே. நகரில் ஒரு சின்ன கம்பெனி அவளை நாளைக் காலை வரச் சொல்லியிருந்தது. என்ன படிச்சு கிழிச்சேன்னு முதல்ல காட்டு, அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம் என்றிருந்தான் கணவன் சிவசங்கர்.

பிரவுசரின் உச்சியில் இருந்த அட்ரஸை அப்படியே காப்பி பண்ணி, மில்லில் இருந்தவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடப் படிக்கும் நஜீமாவுக்கும்.

சிவசங்கரின் பதில் உடனே வந்தது.

பார்த்துட்டேன். பரவால்ல. ஆனா வேலைக்குப் போற அளவுக்கு இல்ல. அடுத்த வருஷம் பாப்போம்.

பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். அவர் சொன்னதில் என்ன தப்பு? மூஞ்சியும் முகரையும். இதை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசல் ஏறினால் காறித் துப்ப மாட்டார்களா? தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. 'மன்னிக்கவும், நாளைக்கு வர இயலவில்லை' என்று கம்பெனிக்கு அடித்தாள். அனுப்பப் போகும்போது நஜீமா கூப்பிட்டாள்.

"அடி லூசு, எனக்குத் திறக்கவே இல்ல. நீ அனுப்புன அட்ரஸ் உன் லேப்டாப்புக்குள்ள மட்டும்தான்டி திறக்கும், வேற யார் தட்டினாலும் ஒண்ணும் வராது! இன்னும் யாருக்காவது அனுப்பித் தொலைச்சியா?"

"இல்ல" என்றாள் சுபலட்சுமி.

போனை வைத்துவிட்டு, பார்த்துட்டேன் என்ற பதிலை இன்னொரு தரம் படித்தாள். பிறகு சிவசங்கருக்கு எழுதினாள்.

எந்தக் கலரை மாத்தலாம்ங்க?

மெசேஜில் நீல டிக் விழுந்ததும் பதிலும் விழுந்தது.

அந்த மஞ்சளை எடுத்துடு. கண்ணைக் குத்துது.

"தூ" என்றாள்.

கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த மன்னிப்பை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். காலையில் வந்துவிடுகிறேன் என்று அனுப்பினாள்.